எட்டு புள்ளி ஏழு ஆம்பியர் யாருடையது?

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. எங்கள் வீட்டு மிக்ஸி ரிப்பேர் ஆனதால் கிடைத்தது. என் மனைவியின் தங்கை எலெக்ட்ரீஷியன். ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் ஒப்பந்த வேலை. மிக்ஸியைக் கவிழ்த்துப் போட்டுத் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டே, ஆபீஸில் நடந்ததை அவள் தன் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டேன். பக்கத்தைப் புரட்ட மறந்ததில் மாட்டிக்கொண்டேன்.

"மாமா, எழுதப் போறீங்கதானே?"

"சேச்சே."

"எழுதுங்க. ஆளுங்கள எப்படி வேணா மாத்திக்குங்க. நம்பர மட்டும் மாத்தக்கூடாது."

தலையாட்டினேன். எண்கள்தானே, மூலையில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். அவை என்னைப் படுத்திய பாட்டையும் சேர்த்துத்தான் நீங்கள் படிக்கப்போகிறீர்கள்.

2

முதல் தொடக்கம்: "மின்சாரம் போனது. அந்த அலுவலகத்தில் ஓர் ஆழ்ந்த அமைதி இறங்கி…"

(கைவிட்டேன். கரண்ட் போனால் எந்த ஆபீஸிலும் அமைதி இறங்காது. "ஐயோ, சேவ் பண்ணலையே!" என்ற அலறல்தான் கிளம்பும்.)

இரண்டாவது தொடக்கம்: "கொண்டையில் டெஸ்டரைச் செருகியபடி அந்தப் பெண் ஏணியில் ஏறியபோது, அவள் கண்களில்…"

(இதுவும் போயிற்று. மச்சினி தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். "கொண்டையிலயா? சட்டப் பையில வெச்சிருக்கேன், பேனா மாதிரி. அழகுக்காக என் தலையில எதையும் குத்தி வெக்காதீங்க.")

மூன்றாவது தொடக்கத்தில் அழகு எதுவும் கிடையாது. அதனால் அதுவே நிலைத்தது:

சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் இருப்பதால் அவளை ஆபீஸில் எல்லோரும் டெஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டாவது மாடியின் பின்பாதியில், காலையில் வேலை சூடுபிடிக்கும் நேரமாகப் பார்த்து, கரண்ட் போய்க்கொண்டிருந்தது. விளக்குகள் எரியும், அவற்றுக்குத் தனி லைன். கம்ப்யூட்டர்கள், ஜெராக்ஸ் மெஷின், தண்ணீர் மெஷின் எல்லாம் ஒரே மூச்சில் செத்துவிடும். டெஸ்டர் மேலே ஓடிப்போய் பேனலைத் திறப்பாள். லோடு மீறினால் தானே அணையும் சுவிட்சான பதினாறு ஆம்பியர் எம்சிபி கீழே விழுந்திருக்கும். தூக்கிவிடுவாள். அப்படியே நிற்கும். அன்று முழுக்க ஒரு தொந்தரவும் இருக்காது. மறுநாளோ, அதற்கடுத்த நாளோ மறுபடியும் விழும்.

இதில் அவளுக்கு உயிர்போகும் பிரச்சினை ஒன்று இருந்தது. அதன் பெயர் கஞ்சி சார்.

3

கஞ்சி சார் நிர்வாக அதிகாரி. அவர் சட்டையை வைத்து வந்த பெயர் அது. விறைப்பாக நிற்கும் காலர், அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் கை மடிப்பு. உட்கார்ந்து எழுந்தாலும் முதுகில் ஒரு சுருக்கம் விழாது. பேச்சும் அப்படியே.

(இவரை வில்லனாக்கலாம் என்று ஒரு மீசை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. மழித்துவிட்டேன்.)

கரண்ட் போகும்போதெல்லாம் கஞ்சி சார் எங்கிருந்தோ வேகமாக வந்து கூடத்தின் நடுவில் நிற்பார். "யாரு கெட்டில் போட்டது? யாரு?" என்று அதட்டுவார். பிறகு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்: அலுவலகத்தில் சூடாக்கும் சாதனம் எதையும் பயன்படுத்தக் கூடாது, மீறினால் கடும் நடவடிக்கை. அதற்கும் கரண்ட் மசியவில்லை. டெஸ்டரைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியணும். இல்லன்னா வேற ஆள் பாத்துக்கறோம்."

"சார், லைன் பழசு, லோடு ஜாஸ்தி…"

"எனக்குக் காரணம் வேணாம். காரணம் என்னன்னுதான் வேணும்."

இந்த வாக்கியத்துக்கு அர்த்தம் என்ன என்று டெஸ்டர் படிக்கட்டு முழுக்க யோசித்துக்கொண்டே இறங்கினாள். நானும் இரண்டு நாள் யோசித்தேன். அவர் சொன்னது அப்படியேதான்; நான் மாற்றவில்லை.

பயத்தில் மனிதர்கள் செய்வதை டெஸ்டரும் செய்தாள். அளந்து பார்க்காமல் பழி போட்டாள். கணக்குப் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். மேஜைக்கு அடியில் கெட்டில் வைத்திருக்கிறார் என்பது கஞ்சி சாரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். டெஸ்டர் நேரே போய், "உங்களாலதான் எல்லாரும் கஷ்டப்படறாங்க" என்று கெட்டிலைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். கூடவே இன்னொரு மேஜையில் அகப்பட்ட முட்டை அவிக்கும் பாத்திரத்தையும். கெட்டில் அக்கா அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர் குடித்தார், டெஸ்டர் போகும்போதும் வரும்போதும் பார்த்து, ஒவ்வொரு வாயாக.

மறுநாள் காலை கரண்ட் போயிற்று.

4

இனி கணக்கு வரும். பயப்படாதீர்கள், நானே பிழைத்துவிட்டேன்.

டெஸ்டரிடம் கிளாம்ப் மீட்டர் இருந்தது. இடுக்கி மாதிரி இருக்கும். வயரைச் சுற்றிக் கவ்வ வைத்தால் அதில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று காட்டும். எம்சிபி விழுந்த பிறகு ஓடிவந்து பார்ப்பதில் பயனில்லை, விழுவதற்கு முன்பே அங்கே நிற்க வேண்டும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. புதன்கிழமை காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து பேனல் அருகே நின்றுகொண்டாள். ஆட்கள் வந்தார்கள், கம்ப்யூட்டர்கள் முழித்தன, மீட்டர் மெல்ல ஏறிப் பதினாலு ஆம்பியரில் நின்றது. பதினாறு வரை தாங்கும். கவலையில்லை.

திடீரென்று இருபத்திரண்டு புள்ளி ஏழு.

யாரோ எங்கோ ஒரு பிளக்கைச் செருகியிருக்கிறார்கள். இருபத்திரண்டு புள்ளி ஏழில் பதினாலைக் கழித்தால் மீதி எட்டு புள்ளி ஏழு. அதுதான் திருடன். எம்சிபி உடனே விழாது, சூடேறித்தான் விழும்; கொஞ்ச நேரத்தில் பட்டென்று விழுந்தது. கஞ்சி சாரின் குரலும் கேட்டது: "யாரு? யாரு கெட்டில்?"

டெஸ்டர் எம்சிபியைத் தூக்கிவிட்டுவிட்டு, பேனலுக்குக் கீழேயே உட்கார்ந்து, உள்ளங்கையில் கணக்குப் போட்டாள். வோல்டேஜ் இருநூற்று முப்பது. கரண்ட் எட்டு புள்ளி ஏழு. "பெருக்கினா வாட், வகுத்தா ஓம்" – அவள் தொழில் பழகியபோது கற்றுக்கொண்ட ஒரே மந்திரம். பெருக்கினாள்: இரண்டாயிரம் வாட். வகுத்தாள்: இருபத்தாறு புள்ளி நாலு ஓம்.

அதாவது, கண்ணால் பார்க்காத அந்தச் சாதனம் இரண்டாயிரம் வாட் பவர் தின்கிறது, அதன் உள்ளே இருக்கும் கம்பியின் மின்தடை இருபத்தாறு ஓம். ஆள் யாரென்று தெரியாது. கைரேகை கிடைத்துவிட்டது.

* முதல் வரைவில் நான் பெருக்க வேண்டியதை வகுத்து, வகுக்க வேண்டியதைப் பெருக்கியிருந்தேன். மச்சினி சொன்னாள்: "இருபத்தாறு வாட்டுல கண்ணாடிக்குப் பக்கத்துல வெக்கற சின்ன பல்புதான் எரியும். அதுக்கா எம்சிபி விழும்?"

 இரண்டாவது வரைவில் புள்ளி விட்டுப்போய் எண்பத்தேழு ஆம்பியர் ஆகிவிட்டது. "இது இருபதாயிரம் வாட். ஆபீஸ்ல இருக்கற எல்லாரையும் எரிச்சுட்டீங்க மாமா." ஒரு புள்ளியால் ஐம்பது பேரைக் கொன்ற எழுத்தாளன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

5

டெஸ்டர் கீழே போய், பிடுங்கி வைத்திருந்த கெட்டிலின் பிளக்கில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தாள். முப்பத்தைந்து ஓம். முட்டைப் பாத்திரம் நூற்றைம்பது. இரண்டும் நிரபராதி.

கெட்டிலை எடுத்துக்கொண்டு கணக்குப் பிரிவுக்குப் போனாள்.

"அக்கா, தப்பு என்னுதுதான். உங்க கெட்டில் ஆறரை ஆம்பியர்தான் இழுக்கும், அதுவும் ரெண்டு நிமிஷம். நான் தேடறது எட்டு புள்ளி ஏழு."

"அத அன்னிக்கே அளந்து பாத்திருக்கலாம்ல?"

"பாத்திருக்கலாம்."

"உள்ள வை. அந்த ஃபைலுக்குப் பின்னாடி. கஞ்சி கண்ணுல படாம."

இங்கேதான் எனக்குக் கை பரபரத்தது. ஒளிந்திருக்கும் அந்தச் சாதனம் என்னவாக இருக்கலாம்? பழைய ரேடியோ என்று எழுதினேன். யாரோ ஒருவர் யாருக்கும் தெரியாமல் ஓர் அறையில் பாட்டுக் கேட்கிறார், என்ன அழகான… ரேடியோ கால் ஆம்பியர்கூட இழுக்காது. அடித்தேன். ரூம் ஹீட்டர்? இரண்டாயிரம் வாட் பொருந்துகிறது. குளிரில் நடுங்கும் ஒரு காதல் ஜோடி… "வெயில் காலம் மாமா." அடித்தேன். ரேடியோவையும் காதலையும் ஒரே காலையில் இழந்தேன்.

டெஸ்டர் யோசித்தது வேறு. வியாழக்கிழமை அவள் எண்ணை மட்டும் பார்க்கவில்லை. அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தாள். பதினாலு. இருபத்திரண்டு புள்ளி ஏழு. மறுபடி பதினாலு. மறுபடி இருபத்திரண்டு புள்ளி ஏழு. யாரோ மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கெட்டில் இப்படிச் செய்யாது. கொதிக்கும்வரை இழுத்துவிட்டு ஒரேயடியாக ஓய்ந்துவிடும். சூடானதும் தானே அணைந்து, ஆறியதும் தானே எரிந்து, மறுபடி அணையும் பொருள் எது?

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டி.

ஆபீஸில் யார் துணி தேய்க்கிறார்கள்? (இந்தக் கேள்வி வந்ததுமே நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். டெஸ்டருக்கும் சந்தேகம் வந்திருக்கும் என்று எழுதப் போனேன். கரண்ட் போகும் காலைகளில் அவர் சட்டையின் ஒரு கை மட்டும் சுருங்கியிருந்ததை அவள் கவனித்தாள் என்று ஒரு வரிகூடப் போட்டேன். "நான் மீட்டரப் பாத்தேன், சட்டையப் பாக்கல" என்றாள். வரியை எடுத்துவிட்டேன். ஆனால் சட்டைக் கை சுருங்கித்தான் இருந்ததாம்.)

6

எம்சிபி விழும்வரை அவள் காத்திருக்கவில்லை. மீட்டரைக் கழற்றிக்கொண்டு நடந்தாள். கூடத்தில் எல்லோருடைய கையும் கீபோர்டில் இருந்தது. ஜெராக்ஸ் அறையில் யாரும் இல்லை. தாழ்வாரத்தின் கோடியில் பழைய காகிதக் கட்டுகள் போட்டுவைக்கும் ஸ்டோர் ரூம். எப்போதும் பூட்டியிருக்கும் அந்தக் கதவில் இன்று பூட்டு இல்லை. கதவுக்குக் கீழே வெளிச்சம். ஈரத்துணி சூடாகும் வாசனை.

தட்டினாள்.

"யாரு?" கஞ்சி சாரின் குரல்.

"டெஸ்டர், சார்."

"அப்புறம் வா."

"அப்புறம் வந்தா கரண்ட் போயிடும் சார்."

தாழ்ப்பாள் நகர்ந்தது.

கஞ்சி சார் பனியனோடு நின்றிருந்தார். பனியனுக்கு மேலே அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால், காகிதக் கட்டுகளை அடுக்கி அதன்மேல் போர்வை விரித்து, அதில் ஒரு வெள்ளைச் சட்டை. பாதி கண்ணாடி மாதிரி, பாதி கசங்கலாக. பக்கத்தில் பெரிய நீராவி இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று மூச்சு விட்டது.

டெஸ்டர் பிளக்கைப் பிடுங்கி மல்டிமீட்டரை வைத்தாள். இருபத்தாறு புள்ளி நாலு. மீட்டரை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"இதுதான் சார்."

"எது?"

"தினமும் கரண்ட தள்றது."

கஞ்சி சாருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "கெட்டில் இல்லையா?"

"கெட்டில் முப்பத்தஞ்சு ஓம். இது இருபத்தாறு புள்ளி நாலு. இருநூத்தி முப்பத இதால வகுத்துப் பாருங்க."

அவர் உதடு அசைந்தது. "எட்டு… எட்டு புள்ளி ஏழு."

"வெளிய ஏற்கெனவே பதினாலு ஓடுது. ரெண்டும் ஒரே லைன்."

"அப்ப… நானா?"

கரண்ட் போகும்போதெல்லாம், யாரோ கெட்டில் போட்டுத் தன் சட்டையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்றுதான் அவர் இத்தனை நாளும் கொதித்திருக்கிறார். ஜாக்கிரதையான மனிதர்; பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, திருடனைப் பிடிக்க வெளியே ஓடிவந்திருக்கிறார். அதனால்தான் டெஸ்டர் எம்சிபியைத் தூக்கும்போதெல்லாம் சமர்த்தாக நின்றது.

அவர் ஒரு காகிதக் கட்டின்மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"வீட்டுல பெட்டி இல்லையா சார்?" என்றாள் டெஸ்டர். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தாள். பனியனோடு உட்கார்ந்திருக்கும் ஆளிடம் கோபம் வரவில்லை.

"இருக்கு. என் வீட்டம்மாதான் தேய்ப்பா. கல்யாணம் ஆனதுலேருந்து அவதான். என்னைத் தொடவே விடமாட்டா." அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன வருஷம் அவளுக்கு வலது கை விளங்காம போச்சு. நரம்பு. இப்ப இடது கையால தேய்க்கறா. வேணாம்னா கேக்கறதில்ல. நான் செத்தாதான் நீங்க பெட்டியத் தொடணும்னு சொல்றா."

"அதனால?"

"காலையில கோணல்மாணலா ஒரு சட்டை குடுப்பா. நல்லா இருக்குன்னு சொல்லிப் போட்டுக்கிட்டு வந்துடுவேன். இங்க வந்து திரும்பத் தேய்ப்பேன். யாராவது பாத்து, என்ன சார் வீட்டுல இஸ்திரி சரியில்லையான்னு கேட்டுட்டா? அவ தேச்சத ஒருத்தன் குறை சொல்லக்கூடாது."

"சாயங்காலம் போறப்ப மொறமொறன்னு இருக்குமே? அவங்களுக்குத் தெரியாதா?"

"படிக்கட்டுல நின்னு கசக்கிட்டுத்தான் போவேன்."

இதைச் சொல்லும்போது மச்சினி மிக்ஸியைக் கீழே வைத்துவிட்டாள் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்கிறேன்.

7

வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது. காரணத்தைச் சொன்னால் டெஸ்டரின் வேலை நிலைக்கும், கஞ்சி சாரின் மானம் போகும். சொல்லாவிட்டால் நேர்மாறு. எனக்கு இது அருமையான இக்கட்டாகப் பட்டது. நாலு பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

"நாலு நிமிஷம்கூட ஆகல" என்றாள் மச்சினி.

கஞ்சி சார் நேர்மையானவர். அப்போதே ஒரு காகிதத்தை உருவித் தனக்குத் தானே மெமோ எழுத ஆரம்பித்துவிட்டார்.

"சார், மெமோவ யாரு குடுப்பாங்க?"

"நிர்வாக அதிகாரி."

"யாரு வாங்கிக்குவாங்க?"

அவர் பேனாவை நிறுத்தினார்.

"ரெண்டு வேலை செய்யறேன் சார்" என்றாள் டெஸ்டர். "இந்த ரூமுக்குப் பேனல்லேருந்து தனி லைன் இழுத்து, தனி எம்சிபி போட்டுடறேன். உங்க எட்டு புள்ளி ஏழு உங்களோட. லைன்ல லோடு ஜாஸ்தி, பிரிச்சாச்சுன்னு ரிப்போர்ட் எழுதறேன். அது பொய்யும் இல்ல."

"ரெண்டாவது?"

"தண்ணி மெஷின் பக்கத்துல இன்னொரு லைன் போடறேன். கெட்டில், முட்டைப் பாத்திரம் எல்லாம் அங்க வெச்சுக்கட்டும். உங்க சுற்றறிக்கைய வாபஸ் வாங்கிடுங்க."

"அது… கொள்கை முடிவு."

டெஸ்டர் அவர் பனியனைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். மறுபடி பனியனைப் பார்த்தாள்.

"வாங்கிடறேன்" என்றார் கஞ்சி சார்.

அடுத்த வாரம் கெட்டில் அக்கா எல்லோருக்கும் டீ போட்டார். டெஸ்டருக்கு மட்டும் கடைசியில்தான் கொடுத்தார், ஆனால் கொடுத்தார். எம்சிபி விழவில்லை. டெஸ்டரின் வேலை தப்பியது.

கதையை இங்கே முடிக்கத்தான் நினைத்தேன். முடிவுகள்கூட எழுதிப் பார்த்தேன்.

(அ) மனைவியின் கை குணமாகிறது. இருவரும்… (சினிமா.)

(ஆ) கஞ்சி சார் ஒரு நாள் கசங்கிய சட்டையோடே ஆபீஸுக்கு வருகிறார், எல்லோரும் எழுந்து நின்று… (எதற்கு எழுந்து நிற்க வேண்டும்? உட்கார்ந்து வேலையைப் பார்க்கட்டும்.)

இரண்டையும் மச்சினியிடம் காட்டினேன். முதலாவதைப் படித்தபோது அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "அக்காகிட்ட நான் முழுசா சொல்லல" என்றாள்.

8

போன வாரம் கஞ்சி சார் டெஸ்டரிடம் வந்து, வீட்டு இஸ்திரிப் பெட்டி சரியாகச் சூடாகவில்லை என்று மனைவி சொல்கிறாள், கொஞ்சம் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். சாயங்காலம் அவருக்கு மீட்டிங். டெஸ்டர் மட்டும் முன்னால் போனாள்.

சின்ன வீடு. ஜன்னலோரம் தேய்க்கும் மேஜை. அந்த அம்மா இடது கையால் கதவைத் திறந்தார், இடது கையால் நாற்காலியை நகர்த்தினார், வலது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டெஸ்டர் பெட்டியின் பிளக்கில் மீட்டரை வைத்தாள். ஐம்பத்து மூன்று ஓம். பெட்டியின் அடியில் ஆயிரம் வாட் என்று போட்டிருந்தது. இருநூற்று முப்பதை ஐம்பத்து மூன்றால் வகுத்து, திரும்ப இருநூற்று முப்பதால் பெருக்கினால் ஆயிரத்துக்கு ரெண்டு வாட்தான் குறைகிறது. பிளக்கைச் செருகிப் பார்த்தாள். நன்றாகச் சூடாயிற்று.

"பெட்டியில ஒரு கோளாறும் இல்லையே அம்மா."

"தெரியும்மா" என்றார் அவர். "உன்ன வரவழைக்கத்தான் சொன்னேன். அவரு ஆபீஸ்ல எங்க வெச்சுத் தேய்க்கறாரு?"

டெஸ்டர் மீட்டர் வயரைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"நான் காலர இடது பக்கம் மடிச்சுக் கெடுத்து விட்டா, சாயங்காலம் வலது பக்கம் கசங்கி வருது. கசக்கக்கூடத் தெரியல அவருக்கு."

"கெடுத்து விட்டாவா?"

அந்த அம்மா எழுந்தார். கொடியில் கிடந்த சட்டை ஒன்றை எடுத்து மேஜையில் விரித்தார். பெட்டியை எடுத்தார். வலது கையால். காலர், தோள், கை என்று நாலே இழுப்பு. காகிதம் மாதிரி நின்றது சட்டை.

"கை சரியாகி ரொம்ப நாளாச்சு" என்றார். "இத்தனை வருஷமா இப்படித்தான் தேச்சுக் குடுத்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. கை போனப்புறம் கண்றாவியா தேச்சுக் குடுத்தேன். கண்ணாடி முன்னாடி நின்னு, நல்லா இருக்கும்மான்னு சொல்லிட்டுப் போனாரு. மறுநாளும் சொன்னாரு. இப்பவும் தினமும் சொல்றாரு." சட்டையைச் சுருட்டிப் பந்தாக்கி நன்றாகக் கசக்கினார். "கை சரியாயிடுச்சுன்னு நான் எப்படிச் சொல்லுவேன், சொல்லு?"

அந்த நேரத்தில்தான் வாசலில் செருப்புச் சத்தம். மீட்டிங் சீக்கிரம் முடிந்துவிட்டது. அந்த அம்மா பெட்டியை வைத்துவிட்டு, வலது கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்த கஞ்சி சாரின் சட்டை வலது பக்கமாகக் கசங்கியிருந்தது.

"என்ன டெஸ்டர், பெட்டியில என்ன கோளாறு?"

இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள். அவர் கண்ணில் ஒரு கெஞ்சல், அந்த அம்மா கண்ணில் ஒரு கெஞ்சல். அவள் கையில் மீட்டர், மனதில் ஐம்பத்து மூன்று ஓம்.

"என்ன சொன்னே?" என்று நான் நூறு தடவை கேட்டுவிட்டேன். மச்சினி, இத்தனை நாளாக இழுத்த ரிப்பேரை முடித்து மிக்ஸிக்கு மூடி போட்டு, ஓட்டிக் காட்டிவிட்டு, கிளம்பிப் போய்விட்டாள். நானே ஒன்றைக் கற்பனை செய்து எழுதலாம். எழுதினால் அந்த வீட்டில் இரண்டில் ஒருவர் இனிமேல் காலையில் "நல்லா இருக்கு" என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல் போகலாம், அல்லது கேட்க முடியாமல் போகலாம். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. நீங்கள் சொல்லுங்கள். எண்ணை மட்டும் மாற்றாதீர்கள். சீக்கிரம், அவர் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டார்.